அழைப்பு செல்லும் வழி

நுழையும்முன்

எண்களை அழுத்துகிறோம், மறுமுனையில் மணி ஒலிக்கிறது. இடைப்பட்ட ஓரிரு நொடிகளில் ஒரு கருவி அவ்வெண்களைப் படித்து, அழைப்பை அனுப்பவேண்டிய வழியைத் தேர்ந்துவிடுகிறது. அழைப்பவர் யார், எதற்காக அழைக்கிறார் என்பதை அக்கருவி அறியாது. அது அறிந்தவை எண்களும், அவ்வெண்களைப் பற்றி மனிதர் எழுதிவைத்த விதிகளுமே. அவ்விதிகள் எவ்வாறு எழுதப்படுகின்றன, அவற்றில் நேரும் சிறு பிழையால் என்ன நேரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திருவண்ணாமலையில் மலைவலம் வருவோர் வழி கேட்டு நிற்பதில்லை. மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். எண்திசைக்கும் எட்டு இலிங்கங்கள் அப்பாதையில் உண்டு. மலையின் மேற்குப்புறம், மாணிக்கவாசகரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் அடி அண்ணாமலையும் உண்டு. பாதை ஒன்று, செல்லும் திசையும் ஒன்று. அதே அடி அண்ணாமலையில் ஒரு தங்கும் விடுதி இருப்பதாகக் கொள்வோம். அங்கிருந்து புறப்படும் தொலைபேசி அழைப்புக்கு அந்த எளிமை வாய்ப்பதில்லை. அது அடுத்த அறைக்குச் செல்லவேண்டியதாக இருக்கலாம். நகரிலுள்ள மருத்துவருக்கோ, சென்னையிலுள்ள உறவினருக்கோ, சிங்கப்பூரில் பணிபுரியும் மகனுக்கோ செல்லவேண்டியதாகவும் இருக்கலாம். ஒவ்வோர் அழைப்புக்கும் வெளியேறும் வாயில் வேறு, கட்டணமும் வேறு. எந்த வாயில் என்பதை யார் முடிவுசெய்வது?

முன்பு வழி சொன்னவர்கள்

1882ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் தொடங்கப்பட்டபோது அம்முடிவை எடுத்தவர், இணைப்புப் பலகையின் முன் அமர்ந்திருந்த பணியாளர். யாரோடு பேசவேண்டும் என்று அழைப்பவர் சொல்வார். பணியாளர் கம்பியை எடுத்து உரிய துளையில் செருகுவார். வெளியூர் அழைப்பாயின் 'டிரங்க் கால்' பதிவுசெய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் என அதில் வகைகள் இருந்தன; விரைவு கூடக்கூடக் கட்டணமும் கூடியது.

இம்முறை மெதுவானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதில் ஒரு நன்மை இருந்தது. அழைப்பவரின் குரலில் உள்ள பதற்றத்தைப் பலகையின் முன் இருந்தவர் கேட்டார். "வீடு பற்றி எரிகிறது" என்று ஒருவர் அலறினால், எண்ணைச் சரியாகச் சொல்லவில்லை என்று அவர் இணைப்பைத் துண்டிக்கமாட்டார்; தீயணைப்பு நிலையத்துக்கு இணைத்துவிடுவார்.

மனிதருக்குப் பதிலாக எந்திரத்தை அமர்த்தும் முயற்சியில் வெற்றி கண்டவர் அமெரிக்காவின் கான்சாஸ் நகரைச் சேர்ந்த ஆல்மன் ஸ்ட்ரவ்ஜர். இறுதிச்சடங்கு ஏற்பாட்டாளரான அவர், தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பகப் பணியாளர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுவதாக ஐயுற்றார் என்று சொல்வர். தாமியங்கி இணைப்புக் கருவிக்கு 1891இல் அவர் காப்புரிமை பெற்றார். அழைப்பவர் அனுப்பும் ஒவ்வோர் இலக்கமும் கருவியை ஒரு படி நகர்த்தும். கடைசி இலக்கத்தில் கருவி உரிய இணைப்பில் போய் நிற்கும். இன்றுவரை அடிப்படைக் கருத்து இதுவே. எண் என்பது பெயருக்கு மாற்றான அடையாளம் மட்டுமன்று. அதுவே செல்லவேண்டிய வழியின் விவரமும் ஆகும்.

இந்தியாவில் பணியாளர் உதவியின்றி வெளியூருக்கு நேரே பேசும் வசதி 1960இல் கான்பூருக்கும் இலக்னோவுக்கும் இடையே தொடங்கியது. 1984இல் நிறுவப்பட்ட சி-டாட் என்னும் தொலைத்தொடர்பு ஆய்வு மையம், குளிரூட்டும் வசதியற்ற சிற்றூர்க் கட்டடத்திலும் இயங்கக்கூடிய 128 முனைகள் கொண்ட சிறு இணைப்பகத்தை வடிவமைத்தது. சிற்றூர்களுக்குத் தொலைபேசி சென்றதில் அதன் பங்கு பெரிது.

குரல் பொதியாகும் விதம்

பழைய முறையில், இருவர் பேசும்வரை அவர்களுக்கென ஒரு தடம் முழுமையாக ஒதுக்கப்பட்டிருந்தது. இருவரும் பேசாமல் இருந்தாலும் அத்தடத்தைப் பிறர் பயன்படுத்த இயலாது. இணையவழிக் குரல் அழைப்பு இதை மாற்றியது. குரலின் அளவு நொடிக்கு 8000 முறை எடுக்கப்பட்டு எண்களாக்கப்படுகிறது. அவ்வெண்கள் பெரும்பாலும் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு அளவிலான சிறு பொதிகளாகக் கட்டப்பட்டு, மின்னஞ்சலும் படங்களும் செல்லும் அதே இணையப் பாதையில் செல்கின்றன. மறுமுனையில் பொதிகள் பிரிக்கப்பட்டுக் குரல் மீட்கப்படுகிறது.

ஆனால் உலகம் முழுவதும் ஒரே நாளில் இணையத்துக்கு மாறிவிடவில்லை. தரைவழித் தொலைபேசியும் கைப்பேசி வலையமைப்பும் தத்தம் முறையில் இயங்குகின்றன. இவற்றுக்கும் இணையப் பொதிகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்போல் நிற்கும் கருவியே 'கேட்வே' எனப்படும் நுழைவாயில். நம் விடுதியின் நுழைவாயிலில் ஒரு பக்கம் அறைத் தொலைபேசிகள் இணைக்கப்பட்டுள்ளன. மறுபக்கம் வெளியேறும் தடங்கள் மூன்று: ஒளியிழை வழியே சேவை நிறுவனத்தை அடையும் இணையத்தடம், செப்புக் கம்பியாலான தரைவழித்தடம், சிம் அட்டை பொருத்திய கைப்பேசித்தடம். அறையிலிருந்து அழைப்பு வந்ததும் நுழைவாயில் மூன்று செயல்களைச் செய்கிறது: எண்ணின் வடிவத்தை அடையாளம் காண்கிறது, அவ்வடிவத்துக்குரிய தடத்தைத் தேர்கிறது, அத்தடம் ஏற்கும் முறையில் எண்ணைத் திருத்தி அனுப்புகிறது.

எண்ணைப் படித்தல்

நம் நாட்டு எண்முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. திருவண்ணாமலையின் ஊர்க்குறியீடு 04175. அதன்பின் வரும் தொலைபேசி எண் ஆறு இலக்கம். சென்னையின் குறியீடு 044; அங்கு எண் எட்டு இலக்கம். முன்னுள்ள சுழியை நீக்கிக் கூட்டிப் பார்த்தால் இரண்டும் பத்து இலக்கமே. கைப்பேசி எண்ணும் பத்து இலக்கம்; அது 6 முதல் 9 வரையுள்ள இலக்கங்களில் ஒன்றில் தொடங்கும். இவ்வொழுங்கைக் கொண்டே விதிகள் எழுதப்படுகின்றன.

ஒருவர் 9இல் தொடங்கும் பத்து இலக்கங்களை அழுத்துகிறார். 'தொடக்கம் 6 முதல் 9, மொத்தம் பத்து' என்னும் வடிவத்தோடு அது பொருந்துகிறது. ஆகவே கைப்பேசி அழைப்பு. இணையத்தடத்தில் அனுப்பினால் எண்ணின் முன் நாட்டுக்குறியீடான +91 சேர்க்க வேண்டும். தரைவழித்தடத்தில் அனுப்பினால் 0 சேர்க்க வேண்டும். ஆறு இலக்க உள்ளூர் எண்ணைத் தரைவழித்தடத்தில் அப்படியே அனுப்பலாம். இணையத்தடத்திலோ +914175 முன்னே வரவேண்டும், ஏனெனில் சேவை நிறுவனத்தின் கருவி எங்கோ தொலைவில் உள்ளது. 'உள்ளூர்' எது என்று அதற்குத் தெரியாது. எண் ஒன்றுதான், வாயிலுக்கேற்ப அதன் உடை மாறுகிறது.

எண் எப்போது முடிகிறது என்பது மற்றொரு சிக்கல். கைப்பேசியில் எண்ணை முழுவதும் எழுதிய பின்னரே பச்சைப் பொத்தானை அழுத்துகிறோம். அறைத் தொலைபேசியில் அப்பொத்தான் இல்லை. இலக்கங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. வடிவம் நிறைந்தவுடன் நுழைவாயில் அழைப்பை அனுப்பிவிடலாம். நாட்டுக்கு நாடு நீளம் மாறும் வெளிநாட்டு எண்ணில் அது இயலாது. அடுத்த இலக்கம் வருகிறதா என்று சில நொடிகள் காத்திருக்க வேண்டும். விதி எழுதுபவர் சோம்பலில் 'எந்த எண்ணாயினும் காத்திருந்து அனுப்பு' என்று எழுதிவிட்டால், ஒவ்வோர் அழைப்பிலும் அச்சில நொடிகள் வீணாகும்.

ஓர் எண் இரு விதிகளோடு பொருந்தினால்? சில கருவிகள் மிகக் குறிப்பான விதியைத் தேர்கின்றன. சில, பட்டியலில் முதலில் உள்ளதைத் தேர்கின்றன. தம் கருவி எவ்வகை என்று அறியாமல் விதி எழுதுவது, சாலையின் எப்பக்கம் செல்வது என்று அறியாமல் வண்டி ஓட்டுவதை ஒத்தது.

தெரிந்து தெளிவோம்

2021 சனவரி 15 முதல் இந்தியாவில் தரைவழித் தொலைபேசியிலிருந்து எந்தக் கைப்பேசியை அழைத்தாலும் முன்னே 0 சேர்க்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கைப்பேசிகளுக்கிடையேயான அழைப்பில் மாற்றம் இல்லை. எதிர்காலப் பயன்பாட்டுக்காக 250 கோடிக்கும் மேற்பட்ட புதிய எண்களுக்கு இம்மாற்றம் இடமளித்தது. வீட்டில் இருந்தவர்கள் ஒரு பொத்தானைக் கூடுதலாக அழுத்தப் பழகினர். தரைவழித்தடங்களைப் பயன்படுத்திய அலுவலகங்களிலும் விடுதிகளிலும் வெளிச்செல் அழைப்பு விதிகளைத் திருத்தவேண்டியிருந்தது.

108ஆம் அறை

இனி, இப்பாடத்தின் மையத்துக்கு வருவோம். விடுதிகளில் அறை எண்ணையே தொலைபேசி எண்ணாக வைப்பது வழக்கம். நினைவில் கொள்ள எளிது. முதல் தளத்தில் 101 முதல் 120 வரை அறைகள் உள்ளன என்றால், எட்டாம் அறை 108. பன்னிரண்டாம் அறை 112. ஆன்மிகத் தலத்தில் 108 என்ற எண்ணுக்குத் தனி மதிப்பு உண்டு. அவ்வறையைக் கேட்டு வாங்குவோரும் இருக்கக்கூடும்.

நள்ளிரவில் 205ஆம் அறையில் முதியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி ஏற்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். உடன் வந்த பேத்தி தொலைபேசியை எடுத்து 108 அழுத்துகிறாள். தமிழ்நாட்டில் 2008 முதல் அவசர ஊர்திக்குரிய எண் அது என்பதைச் சிறுவரும் அறிவர். நுழைவாயிலோ 'ஒன்றில் தொடங்கும் மூன்று இலக்கம், அறை' என்னும் விதியைப் படிக்கிறது. கீழ்த்தளத்தில் பூட்டியிருக்கும் 108ஆம் அறையில் மணி ஒலிக்கிறது. யாரும் எடுக்கவில்லை. நாட்டின் பொது அவசர எண்ணான 112ஐ முயன்றாலும் இதே நிலைதான். இம்முறை உறங்கிக்கொண்டிருந்த ஒருவர் எடுத்துச் சினக்கிறார். கருவி பழுதாகவில்லை. தனக்கு எழுதித் தந்ததை அது பிழையின்றிச் செய்தது.

இது நம் கற்பனை. இதற்கு நெருக்கமான ஒன்று உண்மையில் நிகழ்ந்திருக்கிறது. 2013 திசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மார்ஷல் நகரில், ஒரு விடுதி அறையில் கேரி ஹண்ட் என்ற பெண் தாக்கப்பட்டார். உடனிருந்த அவருடைய ஒன்பது வயது மகள், தனக்குக் கற்பிக்கப்பட்டபடி 911 என்ற அவசர எண்ணை நான்கு முறை அழைத்தாள். இணைப்புக் கிடைக்கவில்லை. அவ்விடுதியில் வெளியழைப்புக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது அச்சிறுமிக்குத் தெரியாது. தாய் இறந்துபோனார். குழந்தை செய்தது முற்றிலும் சரி. அவள் செய்ததை ஏற்க ஒரு விதி அங்கு எழுதப்பட்டிருக்கவில்லை. கேரியின் தந்தை தொடர்ந்து போராடினார். அதன் பயனாக 2018இல் 'கேரி சட்டம்' இயற்றப்பட்டது. 2020 பிப்ரவரி 16 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பல இணைப்புகள் கொண்ட தொலைபேசி அமைப்புகளில் எந்த முன்னெண்ணும் இன்றி 911ஐ நேரே அழைக்க இயலவேண்டும். அவ்வழைப்பு செல்லும்போதே வரவேற்பறை போன்ற ஓரிடத்துக்கு அறிவிப்பும் செல்லவேண்டும்.

நம் விடுதிக்குத் திரும்புவோம். உள் எண் எதுவும் 1இல் தொடங்கக்கூடாது. நம் நாட்டில் 100, 101, 108, 112, 1098 என அவசர, உதவி எண்கள் பலவும் 1இல் தொடங்குகின்றன. அறை எண்ணின் முன் 5 போன்ற வேறோர் இலக்கத்தைச் சேர்த்து, 205ஆம் அறையின் தொலைபேசி எண்ணை 5205 என ஆக்கலாம். வரவேற்பறைக்கு 9 என்ற ஒற்றை இலக்கத்தை வைக்கும் பழக்கமும் தவறு; 9இல் தொடங்கும் கைப்பேசி எண்ணை ஒருவர் அழுத்தத் தொடங்கியவுடனே வரவேற்பறையில் மணி ஒலிக்கும். 'வெளியழைப்புக்கு 0 அழுத்தவும்' என்று சுவரில் எழுதியிருக்கும் விடுதியாயின், 108, 0108 ஆகிய இரு வடிவங்களையும் ஏற்க வேண்டும். பதற்றத்தில் இருப்பவர் சுவரைப் படித்திருக்கவும் கூடும். படிக்காமல் இருக்கவும் கூடும்.

அவசர அழைப்பு எத்தடத்தில் செல்லவேண்டும் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1077 என்பது மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண்; எல்லா மாவட்டங்களுக்கும் எண் ஒன்றே. அழைப்பு எந்த ஊரில் பொது வலையமைப்புக்குள் நுழைகிறதோ அதைப் பொறுத்தே சென்றடையும் அறை அமையும். விடுதியின் இணையத்தடம் சென்னை எண்ணோடு பதிவாகியிருந்தால், அடி அண்ணாமலையின் அழைப்பு சென்னையின் அழைப்பாகத் தோன்றக்கூடும். ஆகவே கட்டணம் சற்றுக் கூடினாலும் இத்தகைய எண்களுக்கு உள்ளூர்த் தரைவழித்தடமே முதல் வழி.

வழி அடைபட்டால்

விதி ஒவ்வொன்றிலும் ஒரு தடத்தை மட்டும் எழுதினால் போதாது. அது இயங்காதபோது அடுத்தது எது என்பதையும் எழுத வேண்டும். இங்கே நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. நாம் அழைத்தவர் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தால் இணையத்தடத்திலிருந்து 486 என்னும் குறி திரும்பி வரும். தடமே செயலிழந்திருந்தால் 503 போன்ற குறி வரும். பின்னதற்கு மாற்றுவழி தேடுவது பொருத்தம். முன்னதற்கு அது வீண்வேலை. வீட்டில் ஆள் இல்லை என்றால், வேறு தெரு வழியாகப் போய்க் கதவைத் தட்டிப் பயன் என்ன? இவ்வேறுபாட்டைக் கருதாமல் எழுதப்பட்ட விதியால், ஓர் அழைப்பு மூன்று தடங்களிலும் மாறி மாறி முட்டிக்கொண்டிருக்கும்.

எந்தக் குறியும் வராமல் இருப்பதே எல்லாவற்றிலும் கடினமான நிலை. 'சிப்' எனப்படும் இணையவழி அழைப்பு நெறிமுறையில், மறுமொழி இல்லாத அழைப்புக்கு இயல்பாக விதிக்கப்பட்ட காத்திருப்பு 32 நொடிகள். கையில் தொலைபேசியோடு 32 நொடி அமைதியைக் கேட்டு நிற்பவர் இணைப்பைத் துண்டித்துவிடுவார். மாற்றுவழி திறக்கும் முன்பே அழைப்பு முடிந்துவிடும். எனவே இக்காலத்தை ஒருசில நொடிகளாகக் குறைப்பதும், தடம் உயிரோடு உள்ளதா என்று நுழைவாயில் இடைவிடாது வினவி அறியுமாறு அமைப்பதும் வழக்கம்.

மாற்றுவழி உண்மையிலேயே வேறு வழியாக இருக்க வேண்டும். கார்த்திகைத் தீபத்தன்று பல இலட்சம் மக்கள் ஊரில் கூடுகின்றனர். ஒவ்வொரு கைப்பேசிக் கோபுரமும் ஒரே நேரத்தில் ஏற்கக்கூடிய அழைப்புகளுக்கு எல்லை உண்டு. மக்கள் மலையுச்சியின் சுடரைப் படம்பிடித்து ஒரே வேளையில் அனுப்பத் தொடங்கினால் அவ்வெல்லை நெருங்கிவிடும். கைப்பேசித்தடத்தை நம்பியிருக்கும் விடுதிக்கு, அது மிகத் தேவைப்படும் நாளிலேயே பயன்படாமல் போகலாம். இரு நிறுவனங்களிடம் இணையத்தடம் வாங்கி, இரண்டு இழைகளும் ஒரே பள்ளத்தில் புதைக்கப்பட்டிருந்தாலும் இதே கதைதான். சாலை தோண்டும் எந்திரம் நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. செப்புக் கம்பிக்கு இங்கே ஒரு சிறப்பு உண்டு. அதற்குரிய மின்சாரம் இணைப்பகத்திலிருந்தே வருகிறது. சில நுழைவாயில்கள், மின்தடை ஏற்பட்டதும் ஓர் அறைத் தொலைபேசியைத் தரைவழித்தடத்தோடு நேரடியாக இணைத்துவிடுகின்றன. அத்தொலைபேசி எது என்பதை விடுதிப் பணியாளர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

காவலற்ற வாயில்

வழிவிடுவதைப் போலவே வழிமறிப்பதும் விதியின் வேலை. '00இல் தொடங்கும் எதையும் அனுப்பு' என்று எழுதிவிட்டு நுழைவாயிலை எளிய கடவுச்சொல்லோடு இணையத்தில் விட்டுவைத்தால், இரவோடு இரவாக யாரோ அதனுள் புகுந்து, மிகுந்த கட்டணமுள்ள வெளிநாட்டு எண்களுக்குத் தொடர்ந்து அழைப்பர். கட்டணம் விடுதியின் பெயரில் வரும். எனவே வெளிநாட்டு விதியை மூடிவைத்து, கேட்பவருக்கு மட்டும் திறப்பது நன்று. வெளிநாட்டிலிருந்து இணையவழி வரும் அழைப்புகளை உள்ளூர் சிம் அட்டைகள் வழியே திருப்பிவிடும் 'சிம் பாக்ஸ்' என்னும் உரிமமற்ற முறை, நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் இங்கு அறிந்துகொள்ள வேண்டும். கருவியால் இயல்வது எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டது ஆகாது.

எழுதிய விதிகளைச் சோதிப்பதில் ஒரு பண்பு வேண்டும். உள்ளூர், வெளியூர், கைப்பேசி எண்களை அழைத்துப் பார்த்துவிடலாம். 108ஐயும் 112ஐயும் விளையாட்டாக அழைத்துப் பார்க்கலாகாது, அங்கே உண்மையில் உதவி தேவைப்படும் ஒருவரின் நேரத்தை அது பறிக்கும். பெரும்பாலான நுழைவாயில்களில், ஓர் எண்ணை அழைக்காமலே அது எவ்விதியோடு பொருந்தும், எத்தடத்தில் செல்லும் என்று காட்டும் சோதனை வசதி உள்ளது. அதில் 108 என எழுதிப் பார்த்து, 'தரைவழித்தடம்' என்ற விடை வருகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். புதிய அறைகள் கட்டப்படும்போதும், சேவை நிறுவனம் மாறும்போதும், மீண்டும் ஒருமுறை.